வடகடலில் ஒரு செத்தவீடு

அகஸ்ரின் பொன்னம்பலத்தாருக்குக் கொடுக்கவேண்டியிருந்த காசு மூவாயிரத்து நானூற்று எண்பது டொலர். வட்டியில்லை, சாட்சியில்லை, கையெழுத்தில்லை. ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில், பொன்னம்பலத்தாரின் அப்பார்ட்மென்ற் குசினி மேசையில், ரப்பர் வளையம் போட்டுக் கையில் வைத்த காசு. "முதலில தங்கச்சியை வெளியால எடு அகஸ்ரின். மிச்சத்தைப் பிறகு கதைப்பம்" என்றார் அவர். அவருடைய மனைவி குணவதி அடுப்படியில் நின்று அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். "இருந்து சாப்பிட்டிட்டுப் போ. காசு கைக்கு வந்த உடனை ஓடாதை" என்று அவள் பகிடி விட, அன்றைக்கு மூன்று பேரும் சிரித்தார்கள்.

அது இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டுக் கடைசி. அகஸ்ரினின் தங்கச்சி கிறிஸ்ரினா அப்போது வன்னிக்குள் இருந்தாள். அந்தக் காசு மன்னார்க் கரைவரைக்கும் ஒரு கை, கரையிலிருந்து படகுக்கு ஒரு கை என்று போய், தை மாதத்தில் அவளும் பெடியனும் இராமேஸ்வரத்தில் ஈரச் சீலையோடு கரையேறினார்கள். இப்போது சென்னையில் வாடகை வீடு. பெடியன் பள்ளிக்கூடம் போகிறான். ரெலிபோன் எடுத்தால் "மாமா, எனக்கொரு சைக்கிள்" என்கிறான்.

அகஸ்ரின் கார்ச் சாமான் செய்யும் தொழிற்சாலையில் நின்றவன். மாதம் மாதம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கிறதென்று நினைத்திருந்தான். நினைப்பிலேயே ஒரு வருசம் போயிற்று. பிறகு கார் விற்பனை படுத்தது, தொழிற்சாலையும் படுத்தது, அவனும் வீட்டில் படுத்தான்.

இரண்டாயிரத்து ஒன்பது தை மாதம் பொன்னம்பலத்தார் ரெலிபோன் எடுத்தார். அவருடைய தங்கச்சி இராஜேஸ்வரி, புருசனோடும் இரண்டு பிள்ளைகளோடும் ஊரூராக ஓடி, கடற்கரைப் பக்கம் வந்து நிற்கிறாள். படகுக்காரன் ஒருத்தன் சம்மதிக்கிறானாம். தலைக்கு இவ்வளவு என்று கேட்கிறானாம்.

"நான் அங்கயும் இங்கயும் காசு மாறிக்கொண்டு நிக்கிறன். உன்னட்டக் கொஞ்சமெண்டாலும் இருந்தா…" என்று இழுத்தார் பொன்னம்பலத்தார். கடன் கொடுத்தவர், கடன் கேட்கிறவர்போலக் கதைத்தார்.

"வாற கிழமை தாறன் அண்ணை. கட்டாயம்."

வாற கிழமை வந்தது. ரெலிபோனும் அடித்தது. அகஸ்ரின் கட்டிலில் இருந்தபடி அது அடித்து ஓயுமட்டும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடி அடிக்கவில்லை. பொன்னம்பலத்தார் கேட்டதைத் திருப்பித் திருப்பிக் கேட்கிற மனிசன் இல்லை.

சித்திரையில், சண்டையை நிறுத்தச் சொல்லி, ரொறன்ரோத் தமிழ்ச் சனமெல்லாம் தெருவில் நின்றது. அகஸ்ரினும் போய் நின்றான். பனி விட்டும் விடாத குளிருக்குள் பதாகையைப் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினான். கத்திக்கொண்டிருக்கும்போதே பத்துப் பேருக்கு அப்பால் பொன்னம்பலத்தாரின் சாம்பல் நிறத் தொப்பி தெரிந்தது. பதாகையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு மெல்லப் பின்னுக்குப் போனான். சனத்துக்காகப் பிடிக்க வந்த பதாகை அவனுக்குக் கடன் தந்தவரிடமிருந்து ஒளிக்க உதவியது.

வைகாசியில் எல்லாம் முடிந்தது. இராஜேஸ்வரியும் இரண்டு பிள்ளைகளும் ஒரே பதுங்குகுழிக்குள் செத்துப்போய்விட்டார்கள் என்ற சேதி ஆரோ காம்பில் இருந்து சொல்லி, ஆரோ கேட்டு, வெக்ஸ்போர்ட்டுக்கு வந்துசேர்ந்தது. புருசன் மட்டும் ஒரு காலோடு முள்ளுக்கம்பிக்குள் உயிரோடு இருந்தான்.

அகஸ்ரினோடு ஒரே பேஸ்மென்ரில் இருந்தவன் அன்புராசா. செய்தி கேட்ட அன்று பின்னேரமே கறுப்புக் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

"வாடாப்பா, போய் முகத்தைக் காட்டிட்டு வருவம்."

"நீ போ. நான் பிறகு போறன்."

"பிறகு எண்டால்?"

"காசோட போகவேணும் அன்பு. வெறுங்கையோட அந்தப் படி ஏற ஏலாது."

"செத்தவீட்டுக்கு ஆரும் காசோட போறதே? கலியாணவீடோ, மொய் எழுத?"

கிறிஸ்ரினா உயிரோடு இருக்கிறாள், அந்தக் காசில். இராஜேஸ்வரி இல்லை. இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் முகத்தில் வைத்துக்கொண்டு அந்தக் கதிரையில் எப்படி இருப்பது? காசை முதலில் கொடுத்துவிட்டால் ஒன்றையாவது இறக்கி வைத்துவிட்டு இருக்கலாம் என்று அகஸ்ரின் கணக்குப் போட்டான். அந்தக் கணக்கு பிழை என்று அவனுக்கு அப்போதே உள்ளுக்குள் தெரியும். தெரிந்தும் அதையே பிடித்துக்கொண்டான்.

எங்கள் சனத்துக்குக் கலியாணவீட்டுக்கு வராதவனை மன்னிக்கத் தெரியும். வேலை, பிள்ளைக்குச் சுகமில்லை, கார் பழுது. செத்தவீட்டுக்கு வராதவனுக்கு ஒரு சாட்டும் இல்லை. பொன்னம்பலத்தாரின் வீட்டுக்கு முப்பத்தொருநாளும் சனம் வந்து போனது. பகையாளிகூட வந்து கதிரை நுனியில் இருந்துவிட்டுப் போனான். அகஸ்ரின் போகவில்லை.

ஆனி மாதம் அன்புராசா ஒரு வேலை கொண்டுவந்தான். வடக்கே பனிக்கடலுக்குச் சுற்றுலாப் பயணிகளைக் கொண்டுபோகும் கப்பல் ஒன்றுக்குக் குசினிக்கு ஆள் வேண்டுமாம். கோடை முழுக்கக் கப்பலோடு நிற்கவேண்டும். சாப்பாடும் படுக்கையும் அவர்களுடையது. "செலவழிக்க அங்க கடையே இல்லை. உழைக்கிறது அப்பிடியே நிக்கும்" என்றான். அகஸ்ரின் அடுத்த நாளே ஒப்புக்கொண்டான். கடனைக் கட்டப் போகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாலும், வெக்ஸ்போர்ட்டிலிருந்து இன்னும் தூரமாய் ஓடுகிறோம் என்பதும் அவனுக்குத் தெரிந்தே இருந்தது.

கப்பல், பழைய ஆராய்ச்சிக் கப்பல் ஒன்றுக்குப் புதுப் பெயின்ற் அடித்து, கம்பளம் விரித்து எடுத்தது. மேல் தட்டுகளில் எண்பது தொண்ணூறு பயணிகள். அனேகமாக எல்லாரும் நரைத்த தலைகள், உழைப்பெல்லாம் முடிந்து ஓய்வெடுத்தவர்கள். எல்லாருக்கும் ஒரே சிவப்பு ஜக்கெற். கீழ்த் தட்டில், அலை மூஞ்சியில் அடிப்பதுபோல ஒரு வட்டக் கண்ணாடிக்குப் பக்கத்தில், அகஸ்ரினுக்கும் நெஸ்ரர் என்ற பிலிப்பைன்ஸ்காரனுக்கும் மேலும் கீழுமாகக் கட்டில்.

காலையில் ஒலிபெருக்கியில் ஒரு பெண் இனிமையாகக் கதைப்பாள். வெளியே இத்தனை பாகை குளிர், இடப்பக்கம் பனிமலை, காலைச் சாப்பாடு தயார். அந்தக் குரல் எழும்புவதற்கு முன்னமே அகஸ்ரின் முட்டை பொரித்த தட்டுகளோடு மல்லுக்கட்டத் தொடங்கியிருப்பான். சாப்பாட்டு நேரத்தில் "வெள்ளைக் கரடி!" என்று ஒலிபெருக்கி சொன்னால் போதும், முழுச் சனமும் கரண்டியைப் போட்டுவிட்டுக் கமராவோடு மேலே ஓடும். சூப் ஆறும். திரும்பி வந்து சூடாக்கித் தரச் சொல்லும்.

"கரடிக்கு ஒருநாள் நாங்கள் சம்பளம் குடுக்கவேணும், சாப்பாட்டு நேரத்தில வராதை எண்டு" என்று அகஸ்ரின் தன் தொழிற்சாலை இங்கிலிசில் சொல்ல, நெஸ்ரர் பாத்திரத் தொட்டிக்குள் விழுந்து விழுந்து சிரித்தான்.

இருட்டே வராத ஊர் அது. சூரியன் கடலின் விளிம்பில் போய்த் தொட்டுவிட்டு, மனம் மாறியதுபோல மறுபடி எழும்பும். பனிமலைகள் நீலமாகவும் பாசிப்பச்சையாகவும் மிதந்து போகும். சில வேளை ஒன்று வெடித்துக் கவிழும். அந்தச் சத்தத்துக்கு அகஸ்ரினின் தோள் தானாகக் குனியும். ஊரில் பழகிய தோள். பயணிகள் கைதட்டுவார்கள்.

குசினி வேலைக்கு மேலே அவனுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. பயணிகள் ரப்பர் படகுகளில் கரைக்குப் போய், கல்லிலும் சேற்றிலும் நடந்து, பறவை எச்சத்தை மிதித்துத் திரும்பி வருவார்கள். கப்பலின் அடிவாசலுக்குப் பக்கத்தில் ஒரு அறை. அங்கே அவர்களை நீட்டு வாங்கில் இருத்தி, முழங்கால் மட்டும் உள்ள சப்பாத்துகளைக் கழற்றி, மருந்துத் தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கொடுக்கவேண்டும். ஒரு கரையின் மண் இன்னொரு கரைக்குப் போகக்கூடாதாம். மண்ணில் அவ்வளவு கவனம்.

அந்த வாங்கில்தான் றொபேட் பழக்கமானார். எண்பதை நெருங்கிய, ஒட்டாவாவில் பள்ளிக்கூடம் நடத்தி ஓய்வெடுத்த மனிசன். குனியமுடியாத வயிறு. சப்பாத்தைக் கழற்றும்போது ஒவ்வொரு தடவையும் மன்னிப்புக் கேட்பார். ஒருநாள் ஊர் எதென்று கேட்டார். அகஸ்ரின் சொன்னான். றொபேட்டின் முகம் மலர்ந்தது. பேப்பரில் படித்தேன், உங்கள் நாட்டில் சண்டை முடிந்துவிட்டதாமே, கடைசியில் சமாதானம், வாழ்த்துகள் என்று சொல்லிக் கையை நீட்டினார்.

அகஸ்ரின் ஈரக் கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு அந்தக் கையைப் பிடித்தான்.

"தாங் யூ, சேர்" என்றான்.

வாயிலிருந்து வந்தபிறகுதான் அது காதில் விழுந்தது. பிரஷை எடுத்து, கழுவிய சப்பாத்தையே மறுபடி கழுவினான். பொன்னம்பலத்தார் அந்த வாங்கின் மறுமுனையில் இருந்து அதைக் கேட்டதுபோல அவனுக்கு முதுகு கூசியது.

ஆவணி நடுப்பகுதியில், ஒரு பின்னேரம், கரைக்குப் போன படகு திரும்பியது. றொபேட் வாங்கில் வந்து இருந்தார். வழக்கம்போல மன்னிப்புக் கேட்டார். அகஸ்ரின் வலது சப்பாத்தைக் கழற்றி, இடதைப் பிடித்து இழுக்கும்போது மேலே ஒரு சத்தம், பெருமூச்சு மாதிரி. நிமிர்ந்து பார்த்தான். அவர் சுவரோடு சாய்ந்திருந்தார். கண் திறந்திருந்தது, ஆனால் பார்க்கவில்லை.

கப்பல் டொக்டர் ஓடிவந்தார். நெஞ்சை அமத்தினார்கள், மெஷின் வைத்தார்கள். கனநேரம் செய்தார்கள். அகஸ்ரின் ஒற்றைச் சப்பாத்தைக் கையில் பிடித்தபடி மூலையில் நின்றான். கடைசியில் டொக்டர் எழும்பி மணிக்கூட்டைப் பார்த்தபோது, வாசலில் றொபேட்டின் மனைவி டொறத்தி சிவப்பு ஜக்கெற்றோடு நின்றிருந்தாள். சின்ன உருவம், பஞ்சு மாதிரித் தலை. அழவில்லை. "இன்னொரு சப்பாத்து எங்கே?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் கப்பலில் பிரேதம் வைக்க இடமில்லை. மரக்கறி வைக்கும் சின்னக் குளிரறையை ஒதுக்கச் சொன்னார்கள். அகஸ்ரினும் நெஸ்ரரும் கோவாப் பெட்டிகளையும் கரட் சாக்குகளையும் இழுத்து வெளியே வைத்தார்கள். நெஸ்ரர் சிலுவை போட்டான். நாலு பேராக அவரைக் கொண்டுபோய் உள்ளே கிடத்தினார்கள். விமானம் இறங்கக்கூடிய குடியேற்றம் ஒன்று தெற்கே இருந்தது. நடுவில் பனிக்கட்டிகள் நிறைந்த கடல். கப்பல் மெல்ல மெல்லத்தான் போகலாம் என்றார் கப்டன்.

மேலே சனத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பாவம், அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒவ்வொருவராக வந்து டொறத்தியின் தோளைத் தொட்டு, இரண்டு வசனம் சொல்லிவிட்டு, தப்பினோம் என்பதுபோல மாடிப்படியில் ஏறினார்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு திமிங்கிலங்களைப்பற்றிய பேச்சும் நடந்தது. கரடி பார்க்கும் விரிகுடா இனி இல்லையா என்று ஒருத்தர் மெதுவாக விசாரித்ததை அகஸ்ரின் தட்டு எடுக்கும்போது கேட்டான்.

டொறத்தி மேலே போகவில்லை. குளிரறைக் கதவுக்கு முன்னால், குசினி ஓடையில், கவிழ்த்து வைத்த ஒரு கோவாப் பெட்டியில் வந்து இருந்தாள். வேலையாட்கள் அவளைச் சுற்றி, "சொறி, சொறி" என்று விலகி விலகிப் போனார்கள்.

அகஸ்ரின் வேலையை முடித்துவிட்டு வெளியே வந்தவன் அவளைக் கண்டு நின்றான். பிறகு இன்னொரு பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு, கொஞ்சம் தள்ளிப் பக்கத்தில் இருந்தான். என்ன சொல்ல? இதில் சொல்ல ஒன்றும் இல்லை, இருக்கிறதுதான் வேலை. அது அவனுக்குத் தெரியும். சின்ன வயதில் இருந்து எத்தனை செத்தவீட்டில் வாங்கிலும் பாயிலும் இருந்திருப்பான். இடைக்கிடை தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து கையில் கொடுத்தான். அவள் குடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆற, மாற்றிக் கொடுத்தான். கப்பலின் இரும்பு உடம்பில் பனிக்கட்டிகள் உரசிப் போகும் சத்தம் மட்டும், ஆரோ வெளியே நின்று நகத்தால் சுரண்டுவதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த நாளும் இருந்தான். அதற்கடுத்த நாளும். நித்திரை கொள்ளவேண்டிய நேரத்தை எடுத்து இருந்தான். நெஸ்ரர் வந்து, "உனக்கு விசரா? படு" என்றான். "படுக்கலாம்" என்றான் அகஸ்ரின்.

மூன்றாம் நாள் டொறத்தி முதல் தடவையாக அவனோடு கதைத்தாள். நீ இதற்கு முதலும் இப்படி இருந்திருக்கிறாய்போல என்றாள்.

ஓம் என்று தலையாட்டினான்.

"யாருக்காக?"

ஒருத்தருக்கும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். பொதுவாக எங்கள் ஊர் வழக்கம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நாட்கணக்காக நித்திரையில்லாத தலை, பக்கத்தில் புருசனைக் குளிரறையில் வைத்துக்கொண்டு இருக்கிற மனிசி. உள்ளே கிடந்தது வாய்க்கு வந்துவிட்டது. "சிஸ்ரர்" என்றான். கடற்கரையில் நின்றாள், இரண்டு பிள்ளைகள், படகுக்குக் காசு போய்ச்சேரவில்லை என்றான். உடைந்த இங்கிலிசில் அவ்வளவுதான் வந்தது. ஆருடைய சிஸ்ரர் என்ற ஒரு சொல் மட்டும் வரவில்லை.

டொறத்தி அவனுடைய கையைப் பிடித்தாள். புருசன் இறந்தபிறகு முதல் தடவையாக அழுதாள். அகஸ்ரினும் அழுதான். என்னுடைய தங்கச்சி இல்லை, என்னுடைய தங்கச்சி சென்னையில் சுகமாக இருக்கிறாள் என்று அப்போது சொல்லியிருக்கவேண்டும். ஒவ்வொரு நிமிசமும் சொல்லலாம் சொல்லலாம் என்று இருந்து, சொல்லமுடியாத இடத்துக்கு அது போய்விட்டது. பொன்னம்பலத்தாரின் காசைத்தான் திருப்பிக் கொடுக்கவில்லை. இப்போது அவருடைய துக்கத்தையும் கேளாமல் எடுத்துப் போர்த்திக்கொண்டு இருக்கிறோம் என்று நினைத்தபோது, அந்த அழுகை பாதியில் நின்றது. அவள் பிடித்த கையை இழுக்கவும் முடியவில்லை.

கப்பல் குடியேற்றத்தை அடைந்த காலை, சாம்பல் மூடுபனிக்குள் ஒரு சின்ன விமானம் காத்து நின்றது. ரப்பர் படகில் பிரேதப் பெட்டியை இறக்கினார்கள். டொறத்தி இறங்குவதற்கு முன் அகஸ்ரினிடம் வந்து ஒரு கடித உறையை நீட்டினாள். உன்னுடைய தங்கச்சியின் குடும்பத்தில் மிஞ்சின ஆட்களுக்கு என்றாள்.

"நோ, நோ மேடம்" என்று இரண்டு கையையும் பின்னால் கட்டினான்.

அவள் அதை அவனுடைய ஏப்ரன் பைக்குள் வைத்து, பையின் வாயைச் சின்னப்பிள்ளைக்குச் செய்வதுபோலத் தட்டிவிட்டுப் போனாள். அவன் பின்னால் ஓடவில்லை. கீழே போய்க் கட்டிலில் இருந்து பிரித்துப் பார்த்தான். பத்து மண்ணிற நோட்டு. ஆயிரம் டொலர். சம்பளத்தில் மிச்சம் பிடிக்கக்கூடியதையும் இதையும் கூட்டினால் எவ்வளவு வரும் என்று அவனுடைய மனம் அந்த நேரத்திலேயே கூட்டியது. மனம் கூட்டுவதை அவனே பார்த்துக்கொண்டிருந்தான். வெட்கமென்றால் அப்படி ஒரு வெட்கம்.

புரட்டாதி கடைசியில் ரொறன்ரோவுக்குத் திரும்பினான். வந்த மூன்றாம் நாள், சவரம் செய்து, அன்புராசாவின் இஸ்திரிப் பெட்டியை வாங்கிச் சட்டை அழுத்தி, வெக்ஸ்போர்ட்டுக்குப் போனான்.

பொன்னம்பலத்தார்தான் கதவைத் திறந்தார். உடம்பு பாதியாகியிருந்தது. "அட, அகஸ்ரின். வா, வா" என்றார், நேற்றும் வந்துபோனவனை அழைக்கிறதுபோல. வரவேற்பறையில் இராஜேஸ்வரியும் இரண்டு பிள்ளைகளும் ஒரு படத்துக்குள் இருந்து சிரித்தார்கள். சின்ன மின்விளக்கு எரிந்தது. அகஸ்ரின் அந்தப் பக்கம் பார்க்காமல் காசை முன்னாலிருந்த சின்ன மேசையில் வைத்தான்.

"அண்ணை, உங்கட காசு. முழுக்க இருக்கு."

பொன்னம்பலத்தார் காசைத் தொடவில்லை. "கப்பலிலயாம் வேலை எண்டு அன்பு சொன்னவன். சரியான குளிரோ?"

"ஓம் அண்ணை."

"நீ உந்தக் குளிருக்கை கிடந்து முறிஞ்ச காசு. இதை வாங்க எனக்கு மனமில்லையடா."

திட்டியிருந்தால் அகஸ்ரின் தாங்கியிருப்பான். அதற்குத்தான் ஆயத்தமாக வந்திருந்தான். இந்தச் சொல்லுக்கு ஆயத்தமில்லை.

"அண்ணை, உதில ஆயிரம் நான் உழைச்சதில்லை."

குசினி வாசலில் குணவதி வந்து நின்றாள். அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். சப்பாத்து அறை, றொபேட், கோவாப் பெட்டி, டொறத்தி, சிஸ்ரர் என்று சொன்னது, உறை. "தாங் யூ, சேர்" என்று சொன்னதைக்கூட விடவில்லை. சொல்லி முடிந்தபிறகு, தை மாதத்து ரெலிபோன் அடித்ததும் தான் அதைப் பார்த்துக்கொண்டு இருந்ததையும் சொன்னான். அதைச் சொல்லச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை.

"அந்த மனிசியோட எத்தினை நாள் இருந்தனீ?" என்று கேட்டாள் குணவதி.

"கப்பல் கரைக்கு வருமட்டும் அக்கா."

"வேலை முடிஞ்சு வந்து இருந்தனியோ? நித்திரை முழிச்சு?"

"ஓம்."

"தேத்தண்ணியும் ஊத்திக் குடுத்திருக்கிறாய்."

அவன் தலையாட்டினான்.

"அப்ப உனக்குச் செத்தவீட்டில இருக்கத் தெரியும்" என்றாள் குணவதி.

"குணவதி, விடப்பா" என்றார் பொன்னம்பலத்தார். "காசு நேரத்துக்குக் கிடைச்சாலும் அந்தப் படகு வந்திருக்குமோ எண்டு ஆருக்குத் தெரியும்?"

"நான் படகைப்பற்றிக் கதைக்கேல்லை. படகைப்பற்றி நான் இவனை ஒருநாளும் கேக்கமாட்டன். ஊரில உள்ள சனமெல்லாம் வந்து இந்த வீட்டில இருந்திது. நான் ஒவ்வொரு நாளும் கதவைப் பாத்தனான், இண்டைக்கு வருவான் எண்டு. உந்தக் குசினியில எத்தினை நாள் சோறு திண்டவன்."

அவள் வந்து மேசையில் இருந்த காசை எடுத்து எண்ணினாள். மண்ணிற நோட்டுப் பத்தையும் வேறாக்கி வைத்தாள்.

"உது ராசேஸ்வரிக்கு எண்டு ஒரு மனிசி தந்த காசு. உன்ர கடனில சேராது. அவளின்ர மனுசன் காம்பில ஒற்றைக் காலோட கிடக்கிறான், அவனுக்கு அனுப்புவம். நீ தரவேண்டியது இன்னும் ஆயிரம் கிடக்கு."

"என்னப்பா நீ…" என்றார் பொன்னம்பலத்தார்.

"கணக்கெண்டால் கணக்கு."

"தாறன் அக்கா" என்றான் அகஸ்ரின். அவள் சொன்னது நூற்றுக்கு நூறு நியாயம் என்று அவனுக்குத் தெரிந்தது. அந்த வீட்டுப் படியிறங்கும்போது, வந்ததைவிடப் பாரமாக இறங்கினான்.

பிறம்ரனில் ஒரு பண்டகசாலையில் இரவல் காரில் போய்ப் பெட்டி ஏற்றும் வேலை கிடைத்தது. சம்பளம் கிழமைக்குக் கிழமை. சனிக்கிழமை பின்னேரங்களில் நூறு டொலரோடு வெக்ஸ்போர்ட்டுக்குப் போவான். குணவதி கதவைத் திறப்பாள். வாசலில் நின்றபடியே வாங்குவாள். "சரி" என்பாள். உள்ளே வா என்று சொல்லமாட்டாள். சில நாள் உள்ளேயிருந்து பொன்னம்பலத்தார், "ஆரது, அகஸ்ரினோ? வரச் சொல்லன்" என்பார். குணவதி கேட்காததுபோல நிற்பாள். அகஸ்ரினும் கேட்காததுபோலத் திரும்புவான்.

"காசைச் சேத்து ஒரேயடியா அஞ்சலில அனுப்பிவிடன். ஏன் கிழமைக்குக் கிழமை போய் அந்த மூஞ்சையில முழிக்கிறாய்?" என்று அன்புராசா கேட்டான். அகஸ்ரின் அனுப்பவில்லை, போனான்.

மார்கழியில், தெருவெல்லாம் பனி குவிந்து கிடந்த ஒரு சனிக்கிழமை, கடைசி நூறைக் கொண்டுபோனான். குணவதி வாங்கினாள். விரலால் ஒருதரம் தடவிப் பார்த்தாள்.

"சரி" என்றாள். "தீர்ந்துது. இனி உனக்கும் எங்களுக்கும் ஒரு கொடுக்கல் வாங்கலும் இல்லை."

"ஓம் அக்கா."

அவள் கதவைச் சாத்தப் போனாள். அவன் நகரவில்லை. பாதி சாத்திய கதவுக்குள்ளால் அவளுடைய முகம் பாதி தெரிந்தது.

"என்ன நிக்கிறாய்? காசுதான் முடிஞ்சுதே."

ஏழு மாதமாகச் சொல்ல வந்து சொல்லாமல் போன சொல். இப்போது கையில் காசும் இல்லை, சாட்டும் இல்லை.

"செத்தவீட்டுக்கு வந்தனான், அக்கா" என்றான்.

குணவதி அவனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். உள்ளே ரீவியில் ஆரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் கதவை விட்டுவிட்டு உள்ளே திரும்பி நடந்தாள். கதவு சாத்தப்படவில்லை.

அவன் உள்ளே போய், படத்துக்கு நேரே இருந்த கதிரையில் இருந்தான். பொன்னம்பலத்தார் ரீவியை நிற்பாட்டினார்.